சில்லி பில்லியும் ஊருக்கொரு பேய்ப்பட இரவும்

அமெரிக்காவின் பெரிய நகரம் ஒன்றில் 1960களிலோ 1970களிலோ வளர்ந்த யாரிடமாவது, உங்கள் ஊர்த் தொலைக்காட்சியில் நள்ளிரவுப் பேய்ப்படத்தை யார் தொகுத்து வழங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். கிளீவ்லாந்துக்காரர் கூலார்டி என்பார், இண்டியானாபோலிஸ்காரர் சாமி டெர்ரி என்பார், நியூ ஆர்லியன்ஸ்காரர் மோர்கஸ் என்பார். சொல்லும்போதே அவர்களுடைய முகம் மலர்ந்துவிடும். தம் ஊர்க்காரரைப் போல் வேறெவரும் இருந்ததில்லை என்று உறுதியாகவும் சொல்வார்கள். பக்கத்து மாநிலத்துக்காரருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது என்பதும் அவர்களுக்கு ஒரு பொருட்டாக இராது. 1970களின் நடுப்பகுதியில் பிட்ஸ்பர்க்கில் குடியேறிய எனக்கு அந்தப் பெயர் பில் கார்டில். ஊரார் அவரைச் சில்லி பில்லி என்று அழைத்தார்கள். சேனல் 11 இல் 1963 முதல் 1983 இன் இறுதி வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், சனிக்கிழமை இரவுச் செய்தி முடிந்த பிறகு அவர் நடத்திய சில்லர் தியேட்டரைப் பற்றியும், அவரைப் போல ஊருக்கு ஒருவராக இருந்து மறைந்த அந்த மனிதர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

இவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முளைத்ததற்கு ஒரு வணிகக் காரணம் உண்டு. கொலம்பியா திரைப்பட நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவான ஸ்கிரீன் ஜெம்ஸ், யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய திகில், மர்மப் படங்களில் 52 ஐத் தேர்ந்து, 'ஷாக்' என்ற பெயரில் ஒரே தொகுப்பாக்கி, 1957 இல் ஊர் ஊராக இருந்த தொலைக்காட்சி நிலையங்களுக்கு வாடகைக்கு விட்டது. 1931 இல் வந்த டிராகுலாவும் ஃப்ராங்கன்ஸ்டைனும், அதற்கு அடுத்த ஆண்டு வந்த மம்மியும், 1941 இல் வந்த ஓநாய் மனிதனும் அந்தத் தொகுப்பில் இருந்தன. திரையரங்கில் அவற்றைப் பார்த்து நடுங்கிய தலைமுறைக்கு அப்போது நடுத்தர வயதாகியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளோ அவற்றைப் பார்த்ததே இல்லை. தொகுப்பு பெரும் வெற்றி பெற்றதால் அடுத்த ஆண்டே இன்னொரு தொகுப்பும் வந்தது.

இந்தப் படங்கள் மிகவும் குறுகியவை. டிராகுலா 75 நிமிடம், ஃப்ராங்கன்ஸ்டைன் 71 நிமிடம், ஓநாய் மனிதன் 70 நிமிடம். அவற்றை ஒன்றரை மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ நீட்ட வேண்டும், இடையே உள்ளூர் மெத்தைக் கடைக்கும் கார் விற்பவருக்கும் விளம்பர நேரம் ஒதுக்க வேண்டும், அதன் பிறகும் மிஞ்சும் நிமிடங்களை எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டும். நிகழ்ச்சியை நடத்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று தொகுப்பை விற்றவர்களே நிலையங்களுக்கு யோசனை சொன்னார்கள். வெளியிலிருந்து நடிகரை அமர்த்த நிலையத்திடம் பணம் இல்லை. ஆகவே அறிவிப்பாளரோ, வானிலை சொல்பவரோ, குழந்தைகள் நிகழ்ச்சியில் கோமாளி வேடம் போடுபவரோ, யார் கையில் இருந்தாரோ அவருக்கு ஒரு கறுப்பு அங்கியை மாட்டி, அட்டையில் ஒரு கல்லறையைச் செய்து வைத்து, ஒரு கேமராவைத் திருப்பிவிட்டார்கள். வாஷிங்டனில் கவுண்ட் கோர் டி வால் என்ற இரத்தக் காட்டேரியாக வந்த டிக் டைசல், அதே நிலையத்தில் பகலில் குழந்தைகளுக்குப் போசோ கோமாளியாகவும் வந்தார். பற்றாக்குறையால் பிறந்த ஏற்பாடுதான் இது. ஆனால் அந்தப் பற்றாக்குறைதான் தொகுப்பாளரின் கைகளைக் கட்டாமல் விட்டது என்று எண்ணுகிறேன். நள்ளிரவில், பழைய படத்துக்கு நடுவே, சில நிமிடங்களுக்கு ஒருவர் என்ன செய்கிறார் என்பதை நிலைய மேலாளர் விழித்திருந்து பார்ப்பதில்லை.

ஷாக் தொகுப்புக்கு முன்னரே, 1954 இல், லாஸ் ஏஞ்சலஸின் சேனல் 7 இல் மைலா நுர்மி என்ற பெண் வேம்பைரா என்ற பெயரில் தோன்றியிருந்தார் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். இறுக்கமான கறுப்பு ஆடையும் நீண்ட நகங்களும் வெளிறிய முகமுமாக, புகைமூட்டம் நிறைந்த நடைக்கூடத்தின் வழியே நடந்து வந்து கேமராவைப் பார்த்து அலறுவதுதான் அவருடைய தொடக்கம். நிகழ்ச்சி அடுத்த ஆண்டே நின்றுபோனது. இந்த வரிசையில் வந்த அனைவருக்கும் முன்னோடி அவரே; 1981 இல் அதே லாஸ் ஏஞ்சலஸில் எல்வைராவாகத் தோன்றி நாடறிந்த கசாண்ட்ரா பீட்டர்சனைப் பேசுபவர்கள் நுர்மியைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஷாக் தொகுப்பு உருவாக்கியவர்களில் ஜான் ஸாக்கர்லேயைத் தனியே சொல்ல வேண்டும். பிலடெல்பியாவில் ரோலண்ட் என்ற பெயரில், ஒரு கௌபாய்த் தொடரில் வெட்டியான் வேடத்துக்காக அவர் அணிந்த நீண்ட கறுப்புக் கோட்டையே மறுபடி அணிந்துகொண்டு, 1957 இல் தோன்றினார். மறு ஆண்டு நியூயார்க்குக்குப் போய்விட்டார். படத்துக்கு உள்ளேயே புகுவது அவர் காட்டிய வழி. திரையில் விஞ்ஞானி கதவைத் திறப்பார். அடுத்த காட்சியில், அந்தக் கதவுக்கு அப்பால் ஸாக்கர்லே நின்று எதையோ கிண்டிக்கொண்டிருப்பார். உடனே படம் தன் போக்கில் தொடரும். நிலையம் ரசிகர்களை நேரில் வரச்சொன்ன நாளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

இனி எங்கள் ஊர்.

நான் பிட்ஸ்பர்க் வந்தபோது தொலைக்காட்சிப் பெட்டி என்ற பொருளே எனக்குப் புதிது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டில்தான் தொடங்கியது. செய்யாற்றுக்கு அருகிலிருந்த எங்கள் கிராமத்துக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. என் கணவர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தார். சனி, ஞாயிறு என்ற பேதமில்லாமல் அவருக்கு இரவுப் பணி விழும். கைக்குழந்தையோடு இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் நான் தனியாக இருப்பேன். பனிக்காலத்தில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். பேச்சுத் துணைக்கு யாருமில்லாத ஊரில், அந்தப் பெட்டியில் பேசியவர்களின் ஆங்கிலம் பாதிக்குமேல் எனக்குப் பிடிபடவில்லை. செய்தியும் நாடகமும் நியூயார்க்கிலிருந்தும் ஹாலிவுட்டிலிருந்தும் வந்தன. அவற்றில் பேசியவர்கள் நாடு முழுவதையும் நோக்கிப் பேசினார்கள், ஆகையால் என்னை நோக்கிப் பேசவில்லை.

சனிக்கிழமை இரவு 11.30 க்கு வந்த அந்த மனிதர் வேறு மாதிரி இருந்தார். முகத்தில் பூச்சு கிடையாது, கோரைப்பல் கிடையாது. ஒழுங்காக உடுத்தி, நிதானமான கனத்த குரலில், அண்டை வீட்டுக்காரர் வாசலில் நின்று பேசுவது போல இன்றைய படம் எப்படிப்பட்டது என்று சொல்லுவார். படம் மட்டமாக இருந்தால் அதையும் மறைக்க மாட்டார். பிற்காலத்தில் ஒரு மாளிகை அரங்கமும், அதில் அவரோடு ஜார்ஜெட், டெர்மினல் ஸ்டேர், கோட்டைக் காவலர் நார்மன், குறும்புக்காரர் ஸ்டெஃபான் என்று ஒரு குடும்பமும் சேர்ந்தன. அவர்கள் நடுவிலும் கார்டில் கார்டிலாகவே இருந்தார். அவர் பேச்சில் வந்த ஊர்ப் பெயர்களைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன். பேருந்தின் நெற்றியில் படித்திருந்த பெயர்கள், நான் காய்கறி வாங்கச் செல்லும் தெருவுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்த இடங்கள். அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்த சொற்பத்தை இன்னொருவரும் அறிந்திருக்கிறார் என்பது, அந்நியமான இடத்தில் தனித்திருந்த இருபத்து சொச்சம் வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இப்போது விளக்கிச் சொல்வது கடினம்.

அவர் பேய்ப்பட நிகழ்ச்சிக்கு மட்டும் உரியவர் அல்லர். சேனல் 11 1957 இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது முதலில் ஒலித்த குரல் அவருடையது. ஸ்டூடியோவில் நடந்த மல்யுத்தப் போட்டிகளை அவர்தான் வர்ணித்தார். தசைநலிவு நோயால் தவிக்கும் குழந்தைகளுக்காகத் தொழிலாளர் தின வார இறுதியில் நடக்கும் நிதி திரட்டும் ஒளிபரப்பின் உள்ளூர்ப் பகுதியை ஆண்டுதோறும் அவர் நடத்தினார். தொலைக்காட்சியை விட்ட பின்னரும் வானொலியில் பல ஆண்டுகள் பாடல்களை வழங்கிவந்தார். இத்தனை வேலைகளையும் ஒரே மனிதர் செய்தார் என்பதால்தான் சனிக்கிழமை இரவில் அவர் சொன்னதற்கு ஒரு கனம் இருந்தது. கனடாவில் தயாரான எஸ்சிடிவி என்ற நகைச்சுவைத் தொடரில், பிட்ஸ்பர்க்கில் பிறந்த ஜோ ஃப்ளாஹர்ட்டி, ஒரு சிற்றூர் நிலையத்தின் செய்தி வாசிப்பாளரே இரவில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு கவுண்ட் ஃப்ளாய்ட் என்ற பேய்ப்படத் தொகுப்பாளராக வருவதாக நடித்தார். அதைப் பார்த்த பிட்ஸ்பர்க்வாசிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றால் அதற்குக் காரணம், அந்த வாழ்க்கையின் உண்மை அதில் அப்படியே இருந்ததுதான்.

எங்கள் கீழ்வீட்டுக்காரர் எஃகு ஆலையில் வேலை பார்த்தார். மாலை 3 மணி முதல் 11 மணி வரையான ஷிப்ட் முடிந்து அவருடைய கார் வந்து நிற்கும் ஓசை கேட்கும். சிறிது நேரத்தில் தரைக்குக் கீழிருந்து சில்லர் தியேட்டரின் தொடக்க இசை கேட்கும். என் பெட்டியிலும் அதே இசைதான். அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: ஷிப்ட் முடிந்து வருபவருக்கு உடனே தூக்கம் வராது, உணவு உண்டு உடல் தளரும்வரை அவர்களுக்கென்று தொலைக்காட்சியில் இருந்தது அது ஒன்றே. எஃகு ஆலை நகரங்களில், அதாவது பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து, டிட்ராய்ட், சிகாகோ வட்டாரத்தில், இந்த நிகழ்ச்சிகள் ஆழ வேரூன்றியதற்கு ஷிப்ட் வேலைக்கும் பங்கு உண்டு என்பது என் சொந்தக் கருத்து. 1975 இலையுதிர் காலத்தில் தேசிய வலையமைப்பு சனிக்கிழமை இரவுக்கென்று ஒரு புதிய நகைச்சுவை நிகழ்ச்சியை நியூயார்க்கிலிருந்து நேரலையாக அனுப்பத் தொடங்கியபோது, அதே வலையமைப்பைச் சேர்ந்த எங்கள் ஊர் நிலையம் சில்லர் தியேட்டரை நகர்த்தி அதற்கு இடம்கொடுக்க உடனே முன்வரவில்லை. நாடெங்கும் பேசப்பட்ட நிகழ்ச்சியை ஓர் ஊர் காத்திருக்க வைத்தது.

பேய்ப்படம் பார்த்து எனக்குப் பயம் வந்ததா என்று என் மகள் கேட்பாள். வந்தது. கறுப்பு வெள்ளையில், நிழலே பாதிப் படமாக இருக்கும் அந்தக் கதைகள், நள்ளிரவில், சன்னலுக்கு வெளியே பனி பெய்யும்போது, யாரையும் சற்று அசைக்கும். ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவர் வந்துவிடுவார். எங்கள் செய்யாற்றுப் பக்கத்தில் அக்னி வசந்த விழாவில் பத்து நாளுக்கு மேல் இரவு முழுக்கக் கூத்து நடக்கும். துரியோதனன் கிரீடமும் புஜக்கீர்த்தியுமாகத் திரைக்குப் பின்னிருந்து வெளிப்பட்டு உறுமும்போது சிறுவர்கள் தாயின் சேலைக்குள் முகம் புதைப்போம். அந்த நேரத்தில் கட்டியங்காரன் குறுக்கே வந்து, நீ யாரப்பா, எந்த ஊர், எதற்காக இங்கே வந்தாய் என்று ராஜாவையே கேட்பான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரைப் பெயர் சொல்லி வம்புக்கு இழுப்பான். கூட்டம் சிரித்துவிட்டு, மறுபடி துரியோதனனுக்குப் பயப்படத் தயாராகும். கட்டியங்காரன் வந்ததால் துரியோதனன் சிறுத்துப் போவதில்லை. விடியும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் துணிவைக் கட்டியங்காரன்தான் தருகிறான். பில் கார்டிலின் வேலையும் இதுவே என்பதை நான் வெகு சீக்கிரத்தில் புரிந்துகொண்டேன். கதைக்குள் பாதியும் பார்ப்பவர்களோடு பாதியுமாக நிற்கும் ஒருவர் அவர். அப்படி நிற்பவர் பார்ப்பவர்களின் ஊர்க்காரராக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

பிட்ஸ்பர்க்குக்கு இதில் இன்னொரு தனிச்சிறப்பு உண்டு. ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும், விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள், சொந்தப் பணத்தையும் கடனையும் திரட்டி, நகருக்கு வடக்கே எவான்ஸ் சிட்டி வட்டாரத்தில் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்ற பேய்ப்படம் 1968 இல் வெளிவந்தது. பிணங்கள் எழுந்து நடக்கும் கதைகள் இன்று உலகமெங்கும் இருக்கின்றன என்றால் அதற்கு அந்தப் படமே மூலம். அதில் வயல்வெளியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஷெரீப்பிடம் கேள்வி கேட்கும் தொலைக்காட்சிச் செய்தியாளராக வருபவர் பில் கார்டில், பில் கார்டிலாகவே. வேற்றூர்க்காரருக்கு அவர் ஒரு துணை நடிகர். எங்கள் ஊரில் படம் பார்த்தவர்களுக்கோ, சனிக்கிழமைதோறும் இதெல்லாம் வெறும் படம் என்று உறுதி சொல்லிவந்தவரே இப்போது படத்துக்கு உள்ளே நின்று, நடப்பதை உண்மைச் செய்தியாகச் சொல்கிறார். அந்த அதிர்ச்சியை வேறெந்த நகரத்தாரும் அடைந்திருக்க முடியாது. படத்தின் தலைப்பை மாற்றியபோது விநியோகித்த நிறுவனம் பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டதால் அந்தப் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. அதனாலேயே கட்டணமில்லாமல் நாடெங்கும் உள்ள தொகுப்பாளர்கள் அதை ஆண்டாண்டாக ஒளிபரப்பினார்கள். அந்த வரிசையில் ரொமேரோ 1985 இல் எடுத்த மூன்றாம் படத்தின் கதாநாயகி லோரி கார்டில், பில் கார்டிலின் மகள்.

பகலில் இதே பிட்ஸ்பர்க்கிலிருந்துதான் ஃப்ரெட் ராஜர்ஸ் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழந்தைகளிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். என் மகள் அவரைப் பார்த்து வளர்ந்தாள், நான் கார்டிலைப் பார்த்து ஆங்கிலம் கற்றேன்.

கிளீவ்லாந்து என்றால் தமிழர்களுக்கு 1978 இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை நினைவுக்கு வரும். எங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரப் பயணம் என்பதால் நாங்களும் போவோம். அந்த ஊரின் பழைய ஆட்களிடம் பேசியபோதுதான் கூலார்டியைப் பற்றி அறிந்தேன், அறிந்ததும் வியந்தேன். எர்னி ஆண்டர்சன் என்ற அறிவிப்பாளர், பொய்த் தாடியும் ஆய்வகக் கோட்டும், ஒரு பக்க வில்லை இல்லாத கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, 1963 ஜனவரியில் சேனல் 8 இல் வந்தார். 1966 இன் இறுதியில் போய்விட்டார். நான்கு ஆண்டுகூட முழுதாக இல்லை. அறுபது ஆண்டுகளாக அந்த ஊர் அவரைப் பேசிக்கொண்டிருக்கிறது. கார்டில் பொறுமைசாலி என்றால் ஆண்டர்சன் நெருப்பு. மோசமான படத்தை மோசமானது என்று நேராகச் சொன்னார், அரங்கத்திலேயே பட்டாசு வெடித்தார், ஓடும் படத்தின் மேல் தன் உருவத்தைப் பதித்து அரக்கனிடமிருந்து தப்பி ஓடினார். நகரின் தெற்கே உள்ள பார்மா என்ற புறநகரை, அங்கே வாழ்ந்தவர்களின் வெள்ளைக் காலுறையையும் போல்கா இசையையும் புல்வெளியில் நட்ட இளஞ்சிவப்பு ஞெகிழிப் பறவைகளையும் சொல்லி, வாரந்தோறும் குறும்படங்களில் கேலி செய்தார். பார்மாவின் நிர்வாகத்தினர் முறையிட்டு, அந்தக் குறும்படங்களை நிறுத்தவேண்டியதாயிற்று. கேலிக்கு உள்ளானவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர்களான கிழக்கு ஐரோப்பிய வழிவந்தவர்கள் என்பதால் அது எல்லாருக்கும் இனித்திருக்காது என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் ஓர் ஊரின் முற்றத்தில் என்ன நடப்பட்டிருக்கிறது என்பது வரை கண்டு பேசிய தொலைக்காட்சி இன்று எங்கே இருக்கிறது?

ஆண்டர்சனுக்குப் பின் அந்த இடத்தில் அமர்ந்த இருவரில் ஒருவர் வானிலை அறிவிப்பாளர் பாப் வெல்ஸ், மற்றவர் அந்த நிலையத்தின் பொறியாளர் சக் ஷோடோவ்ஸ்கி. பொறியாளர்! கேமராவுக்குப் பின்னால் கம்பி பூட்டிக்கொண்டிருந்தவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிக் சக் என்ற பெயரில், பின்னர் வேறொரு கூட்டாளியோடு, 2007 வரை அவர் அந்த ஊருக்கு வெள்ளி இரவுகளை நடத்திக் கொடுத்தார். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பாப் வில்கின்ஸ் என்ற விளம்பரத் துறைக்காரர், வேடமே இல்லாமல், கோட்டும் டையும் சுருட்டுமாக ஓர் ஆடும் நாற்காலியில் அமர்ந்து, இந்த நேரத்தில் வேறு சேனலில் இதைவிட நல்ல நிகழ்ச்சி ஓடுகிறது என்று தம் பார்வையாளர்களுக்கே எடுத்துச் சொன்னார். அந்த நேர்மையை இன்றைய எந்த ஒளிபரப்பிலும் நான் கண்டதில்லை.

இவை ஏன் மறைந்தன? மக்களின் ரசனை மாறிவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நள்ளிரவின் விலை மாறியது என்பதே சரி. 1984 இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தொலைக்காட்சி விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை நீக்கியது. அதன் பிறகு, உடற்பயிற்சிக் கருவியையும் கத்தி வரிசையையும் விற்பவர்கள் அரை மணி நேரத்தை மொத்தமாக விலைகொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. படத்துக்கு வாடகை கொடுத்து, ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, விளக்கெரித்து, உள்ளூர்க் கடைகளிடம் விளம்பரம் கேட்டு அலைவதைக் காட்டிலும், வெளியிலிருந்து வரும் நாடாவை ஓட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வது நிலையத்துக்கு லாபம். கேபிள் பரவியது, வீடியோ கேசட் வாடகைக்குக் கிடைத்தது, யார் வேண்டுமானாலும் எந்த இரவிலும் எந்தப் பேய்ப்படத்தையும் பார்க்கலாம் என்றானது. ஊர்க்காரர்கள் உரிமையாளர்களாக இருந்த நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பெரிய குழுமங்களின் கைக்குப் போயின. எங்கள் பள்ளத்தாக்கில் எஃகு ஆலைகள் மூடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சில்லர் தியேட்டரும் நின்றது. ஷிப்ட் முடிந்து 11 மணிக்கு வீடு திரும்பும் கீழ்வீட்டுக்காரர்கள் அதற்குள் வேறு மாநிலங்களுக்கு வேலை தேடிப் போயிருந்தார்கள்.

வருத்தம் தருவது, எதுவும் மிஞ்சாமல் போனது. இரண்டு அங்குல அகலமான வீடியோ நாடா அக்காலத்தில் விலை உயர்ந்தது. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அதன் மேலேயே இன்னொன்றைப் பதிவு செய்தார்கள். நேரலையாகப் போனவற்றுக்கு அந்த நாடாவும் இல்லை. வேம்பைராவின் நிகழ்ச்சியில் முழுதாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கூலார்டியின் காட்சிகளில் தப்பியவை சொற்பம். சில ஊர்களில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் ஒலிநாடாக் கருவியை வைத்துப் பையன்கள் பதிந்த குரல் மட்டும் இருக்கிறது. பின்னணியில் தாய் அதட்டுவதும் நாய் குரைப்பதுமாக. மூலப் படங்கள் புத்தம் புதிதாகத் துலக்கப்பட்டு வட்டில் கிடைக்கின்றன, அவற்றைச் சுமந்து வந்த மனிதர்களின் பேச்சு காற்றோடு போய்விட்டது. பழைய பெட்டிகளில் அப்படி ஒலிநாடா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை எறிந்துவிடாமல், உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திடமாவது கொடுங்கள்.

2016 ஜூலையில் பில் கார்டில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், 98 வயதில், ஸாக்கர்லேயும் மறைந்தார். கார்டில் மறைந்த செய்தி கேட்டு எங்கள் ஊர் வானொலியில் மக்கள் அழைத்துப் பேசியவை பலவற்றை நான் கேட்டேன். எவரும் ஒரு படத்தின் கதையைச் சொல்லவில்லை. தாத்தாவோடு சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன், அண்ணன் வியட்நாமுக்குப் போவதற்கு முந்தைய சனிக்கிழமை சேர்ந்து பார்த்தோம், விவாகரத்துக்குப் பிறகு அப்பாவின் வீட்டில் தங்கிய இரவுகளில் பார்த்தேன் என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். கைக்குழந்தையோடு தனியே இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணும் பார்த்தாள் என்பதைச் சொல்ல நானும் அழைத்தேன். வரிசை நீண்டதால் என் முறை வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்றும் இந்த மரபு முற்றிலும் அறுந்துபோகவில்லை. வாஷிங்டனின் கவுண்ட் கோர், நிலையம் கைவிட்ட பிறகு 1998 இலேயே இணையத்தில் தம் நிகழ்ச்சியைத் தொடங்கினார். இண்டியானாபோலிஸின் சாமி டெர்ரி 2013 இல் இறந்த பிறகும் அவருடைய மகன் அதே அங்கியை அணிந்து வருகிறார். சிகாகோவில் 1970 இல் ஜெர்ரி பிஷப் தொடங்கிய ஸ்வென்கூலி வேடத்தை, அவருக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதி அனுப்பும் இளம் ரசிகராக இருந்த ரிச் காஸ் 1979 இல் ஏற்றுக்கொண்டார். 2011 முதல் சனிக்கிழமை இரவுகளில் மீ டிவி என்ற அலைவரிசை அதை நாடு முழுவதும் ஒளிபரப்புகிறது. கறுப்புத் தொப்பியும் கண்ணைச் சுற்றிக் கறுப்பு மையுமாக, கூடை நிறைய ரப்பர்க் கோழிகள் தலையில் விழ, அவர் அன்போடு அந்தப் பழைய யுனிவர்சல் படங்களையே இன்னும் காட்டுகிறார். இயக்குநர் யார், இந்தத் துணை நடிகர் வேறெதில் வந்தார் என்று பொறுமையாகச் சொல்கிறார். நான் தவறாமல் பார்க்கிறேன். சிகாகோவை ஒட்டிய பெர்வின் என்ற சிற்றூரின் பெயரை இழுத்து இழுத்து உச்சரிப்பது பிஷப் காலத்திலிருந்தே அந்த நிகழ்ச்சியின் வழக்கம். அரிசோனாவிலும் புளோரிடாவிலும் இருப்பவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கும்போது, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பெர்வின்காரர்களுக்கு மட்டும் அது இன்னமும் தங்களைக் கூப்பிடுவதாகக் கேட்கும். எங்கள் பேருந்து நிறுத்தங்களின் பெயரை அப்படி உச்சரிக்கும் ஒருவர் பிட்ஸ்பர்க்கின் சனிக்கிழமை இரவுக்கு மறுபடி வேண்டும். அரங்கம் அட்டையால் ஆனதாக இருந்தால் போதும்.